பிடி நழுவும் இரும்பு

வடசென்னைக் காற்று நுரையீரலில் கொண்டுவந்து இறக்கும் இரும்பை உடம்பு எப்படிக் கட்டிவைக்கிறது, எதுவரை கட்டிவைக்கும்?

முகத்துவாரக்குப்பத்துக் கரையில் நின்றால் கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் இடமும், ஆற்றுக்கு அப்பால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் ஒரே பார்வையில் தெரியும். 1994 முதல் ஓடும் வடசென்னை அனல்மின் நிலையம் ஒன்று, 1,500 மெகாவாட் வல்லூர் நிலையம் இன்னொன்று. இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் சாம்பல்தான். அதைத் தண்ணீரில் குழைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் ஒழுகி, ஆற்றில் சாம்பல் படிந்து, படகு ஓடிய இடங்கள் மேடாகின. இறாலும் நண்டும் கையால் தடவிப் பிடித்த சேறு சாம்பல் சேறானது. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய் 2022இல் உத்தரவும் வந்தது. ஆற்றில் விழாத நுண்சாம்பலில் ஒரு பங்கு புகைபோக்கி வழியே காற்றில் கலக்கிறது.

சாம்பலில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பாதரசம், ஆர்சனிக், ஈயம், காட்மியம் என்று பெயர்கள் வரிசையாக வரும். அஞ்ச வேண்டியவைதான். ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பல மடங்கு அதிகமாக அந்தச் சாம்பலில் இருக்கும் உலோகம் ஒன்றை யாரும் விஷப் பட்டியலில் சேர்ப்பதில்லை. அது இரும்பு. சேர்க்காததற்குக் காரணமும் புரிகிறது. இரும்பு என்றாலே நமக்கு மருந்து, சத்து. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கர்ப்பிணிகளுக்கான முகாமிலும் இரும்பு மாத்திரை கொடுக்கிறோம். அப்படிப்பட்ட ஊரில் போய் இரும்பு தீங்கு செய்யும் என்றால் யார் நம்புவார்கள்?

நம்பத்தான் வேண்டும். ஒரே உடம்பில் இரும்புப் பற்றாக்குறையும் இருக்கலாம், இரும்பின் தீங்கும் இருக்கலாம். இரண்டையும் பிரிப்பது இரும்பின் அளவு அல்ல. அந்த இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் புரதங்கள். எண்ணூர், திருவொற்றியூர், மணலி மக்களின் உடல்நலம் பற்றிப் பேசும்போது இந்தப் புரதங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசியிருக்க வேண்டும்.

புளியின் அமிலத்தில் தொடங்கிய வேதியியல்

1894இல் கேம்பிரிட்ஜ் வேதியியலர் ஹென்றி ஃபென்டன் ஒரு சோதனையை வெளியிட்டார். டார்டாரிக் அமிலம் (நம் புளியில் இருக்கும் அதே அமிலம்), ஹைட்ரஜன் பெராக்சைடு, சிறிதளவு ஃபெரஸ் உப்பு. முதல் இரண்டை மட்டும் சேர்த்து வைத்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. அதில் துளி இரும்பு விழுந்ததும் அமிலம் வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைந்தது. இரும்பு ஏன் இப்படிச் செய்கிறது என்பதற்கு 1934இல் ஃபிரிட்ஸ் ஹேபரும் ஜோசப் வெய்ஸும் விளக்கம் தந்தார்கள். ஃபெரஸ் இரும்பு தன் எலக்ட்ரான் ஒன்றைப் பெராக்சைடுக்குக் கொடுக்கிறது. பெராக்சைடு உடைகிறது. உடைந்த துண்டுகளில் ஒன்று ஹைட்ராக்சில் என்ற தனியுறுப்பு. இணையில்லாத எலக்ட்ரான் ஒன்றைக் கொண்ட துண்டு அது. எதிரே எந்த மூலக்கூறு வந்தாலும் அதிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும். நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரம்தான் அதன் ஆயுள். அதற்குள் பக்கத்தில் இருக்கும் டிஎன்ஏ, புரதம், செல்சவ்வுக் கொழுப்பு என எதையாவது தாக்கியிருக்கும்.

பெராக்சைடு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. நாம் மூச்சுவிடும்போதே செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் அது கொஞ்சம் உண்டாகிக்கொண்டே இருக்கிறது. கிருமியைக் கொல்ல வெள்ளணுக்கள் அதை வேண்டுமென்றே உண்டாக்குகின்றன. பெராக்சைடைச் சிதைக்க நொதிகள் உண்டு. ஹைட்ராக்சிலைச் சிதைக்க நொதி இல்லை. அப்படியொரு நொதி இருந்தாலும் அது போய்ச் சேர்வதற்குள் ஹைட்ராக்சிலின் வேலை முடிந்திருக்கும். ஆகவே உடம்புக்கு இருக்கும் வழி ஒன்றுதான்: ஹைட்ராக்சில் பிறக்கவே விடக் கூடாது. பெராக்சைடை முழுதாக ஒழிக்க முடியாது. இரும்பை அதன் பக்கம் போகாமல் தடுக்க முடியும்.

இதை ராயபுரத்திலும் பார்க்கலாம். காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களுக்குச் சூரையின் கருஞ்சதையும், மத்தியும், கானாங்கெளுத்தியும் எவ்வளவு சீக்கிரம் காறிப்போகும் என்பது தெரியும். வெளிர்சதை மீன் அதைவிடத் தாங்கும். கருஞ்சதையில் இரும்பு தாங்கிய மயோகுளோபினும் அதிகம், எளிதில் கெடும் மீனெண்ணெயும் அதிகம். மீன் செத்தபிறகு புரதத்தின் பிடி தளர்கிறது; இரும்பு கொழுப்பைத் தாக்கத் தொடங்குகிறது. ஒரு கொழுப்பு மூலக்கூறு கெட்டால் அது அடுத்ததைக் கெடுக்கும், அது அதற்கடுத்ததை. நம் மூக்குக்குக் காறல் வாடையாகத் தெரிவது அதுதான். உயிருள்ள உடம்பின் செல்சவ்வும் அதே வகைக் கொழுப்பால் ஆனது. இரும்பின் தூண்டுதலால் சவ்வுக் கொழுப்பு இப்படிச் சிதைந்து செல் சாகும் விதத்துக்கு 2012இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ‘ஃபெரோப்டோசிஸ்’ என்று தனிப்பெயரே வைத்தார்கள்.

பிடித்துவைக்கும் புரதங்கள்

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடம்பில் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. பெரும்பங்கு சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில். சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். ஒவ்வொரு நொடியும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்கள் மண்ணீரலிலும் ஈரலிலும் உடைக்கப்படுகின்றன. அவற்றின் இரும்பு எலும்பு மஜ்ஜைக்குத் திரும்பிப் போய்ப் புதிய அணுக்களில் சேர வேண்டும். ஒரு நாளில் இப்படிப் பயணம் செய்யும் இரும்பு 20 முதல் 25 மில்லிகிராம். இவ்வளவும் இரத்தத்தில் தனியாக மிதந்தால் இரத்தக்குழாயின் உட்சுவர் தாங்காது. அதைச் சுமந்து செல்வது டிரான்ஸ்ஃபெரின்.

இந்தப் புரதத்தின் கண்டுபிடிப்பு தொடங்கியது முட்டையின் வெள்ளைக்கருவில். 1944இல் ஆர்தர் ஷேடும் லியோனா கரோலைனும் பச்சை வெள்ளைக்கருவில் வயிற்றுக்கடுப்புக் கிருமி வளராமல் நிற்பதைக் கவனித்தார்கள். பலவிதச் சத்துகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், கிருமி அசையவில்லை. இரும்பைச் சேர்த்ததும் வளர்ந்தது. வெள்ளைக்கருவில் ஏதோ ஒன்று இரும்பைக் கிருமிக்குக் கிடைக்காமல் பிடித்துவைத்திருந்தது. இரண்டாண்டு கழித்து மனித இரத்தத்திலும் அதன் உறவுப் புரதத்தைக் கண்டார்கள். ஒரு டிரான்ஸ்ஃபெரின் மூலக்கூறு இரண்டு இரும்பு அணுக்களை, அதுவும் எலக்ட்ரானை ஏற்கெனவே இழந்த ஃபெரிக் நிலையில், சுற்றிலும் மூடி இறுக்கிப் பிடிக்கும். அந்தப் பிடிக்குள் பெராக்சைடு இரும்பை நெருங்க முடியாது. நலமான உடம்பில் டிரான்ஸ்ஃபெரினின் இடங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் நிரம்பியிருக்கும். மீதி காலியாகக் கிடப்பது வீண் இல்லை. திடீரென்று இரும்பு வந்தால் பிடிக்க அந்த இடம் வேண்டும்.

தாய்ப்பாலிலும் கண்ணீரிலும் உமிழ்நீரிலும் மூச்சுக்குழாயின் சளியிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த லாக்டோஃபெரின் இருக்கிறது. பிள்ளை பிறந்த முதல் நாட்களின் சீம்பாலில் அதன் செறிவு பிந்தைய பாலைவிடப் பல மடங்கு. சிவப்பணு உடைந்து ஹீமோகுளோபின் இரத்தத்தில் சிந்தினால் ஹாப்டோகுளோபின் பிடிக்கும். அதன் இரும்பு தாங்கிய பகுதியான ஹீம் மட்டும் பிரிந்து வந்தால் ஹீமோபெக்சின்.

செல்லுக்குள் இரும்பைச் சேமிப்பது ஃபெரிட்டின். 1937இல் செக் நாட்டு அறிஞர் விலேம் லாவ்ஃபெர்கர் குதிரையின் மண்ணீரலிலிருந்து இதைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். 24 துண்டுகள் கூடிக் கட்டிய உள்ளீடற்ற உருண்டை. வெளிவிட்டம் 12 நானோமீட்டர், உள்ளே 8. அந்தச் சின்ன இடத்துக்குள் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். நெல்லை ஈரம்படாமல் வைக்கும் குதிர்போல இது இரும்பைப் பெராக்சைடு படாமல் வைக்கிறது. ஆனால் வெறும் கொள்கலம் என்று நினைத்துவிடக் கூடாது. துண்டுகளில் ஒரு வகை, உள்ளே வரும் ஃபெரஸ் இரும்பை அங்கேயே ஃபெரிக்காக மாற்றுகிறது. அதாவது ஃபென்டன் வினைக்கு உதவாத நிலைக்குக் கொண்டுபோய், துருவை ஒத்த கனிமமாக உள்ளே அடுக்குகிறது. செல்லுக்குள் இரும்பு கூடினால் சில மணி நேரத்தில் ஃபெரிட்டின் உற்பத்தியும் கூடும். இந்தக் கடைசிச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சாம்பல் சோதனைக்கு அது வேண்டும்.

பிடி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை மருத்துவம் நேரில் பார்த்திருக்கிறது. 1961இல் ஜெர்மனியின் லுட்விக் ஹைல்மெயர் குழுவினர் ஏழு வயதுக் குழந்தை ஒன்றைப் பற்றி எழுதினார்கள். பிறவியிலேயே டிரான்ஸ்ஃபெரின் இல்லை. குழந்தைக்குக் கடுமையான இரத்தசோகை. அதே சமயம் ஈரலிலும் பிற உறுப்புகளிலும் இரும்பு குவிந்திருந்தது. மஜ்ஜை இரும்பில்லாமல் பட்டினி, ஈரல் இரும்பால் புண். சுமந்து சேர்க்க ஆள் இல்லாத இரும்பு, வேண்டிய இடத்துக்குப் போகாமல் வேண்டாத இடங்களில் தங்கிவிட்டது. மிக அரிய நோய்தான். ஆனால் பற்றாக்குறையும் தீங்கும் ஓர் உடம்பில் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியாக் குழந்தைகளின் பெற்றோருக்கு இதன் இன்னொரு முகம் தெரியும். ஏற்றும் ஒவ்வொரு பை இரத்தத்திலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு வருகிறது. டிரான்ஸ்ஃபெரினின் காலியிடங்கள் நிரம்பியபின் மிஞ்சும் இரும்பு இதயத்துக்கும் ஈரலுக்கும் போகிறது. புரதத்தின் வேலையை மருந்து செய்ய வேண்டியதாகிறது. இரும்பைப் பிடித்து வெளியேற்றும் மாத்திரைகளில் ஒன்றான டெஃபெரிப்ரோன், 1990-களின் நடுவில் உலகில் முதன்முதலாக அனுமதி பெற்றது இந்தியாவில்.

மூச்சின் வழி

இனி எண்ணூருக்கு வருவோம். சாப்பாட்டு வழியாக வரும் இரும்புக்கு உடம்பில் கணக்கு உண்டு. குடல் ஒரு நாளில் உள்ளே விடுவது 1 முதல் 2 மில்லிகிராம்தான். இரும்பு போதும் என்றால் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து குடலின் கதவைச் சாத்திவிடும். இந்தக் கட்டுப்பாடு அவசியம். ஏனென்றால் சேர்ந்த இரும்பைச் சிறுநீரிலோ மலத்திலோ வேண்டுமென்று வெளியேற்ற உடம்பில் ஏற்பாடு இல்லை. உள்ளே வந்தது வந்ததுதான்.

மூச்சு வழியில் அப்படியொரு கதவு கிடையாது. காற்றில் எவ்வளவு இரும்பு இருக்கிறதோ அவ்வளவும் வந்து இறங்கும். பெரிய துகள் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வெளியேறும். 2.5 மைக்ரானுக்குக் குறைந்தவை காற்றுப்பைகள் வரை போய்விடும். அங்கே விழுங்கணுக்கள் துகளை விழுங்கி, அதிலிருந்து கசியும் இரும்பை ஃபெரிட்டினுக்குள் போட்டுவைக்கின்றன. புகைபிடிப்பவர்களின் நுரையீரல் விழுங்கணுக்களில் இரும்பும் ஃபெரிட்டினும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்த செய்தி. கல்நார் இழை நுரையீரலில் தைத்துவிட்டால் அதைச் சுற்றிலும் இரும்பும் ஃபெரிட்டினும் படிந்து பொன்னிறக் குச்சிபோல் நுண்ணோக்கியில் தெரியும். கரைக்க முடியாததை உடம்பு போர்த்திவைக்கப் பார்க்கிறது.

இந்தக் காப்பு வலுவானது என்பதையும் சொல்ல வேண்டும். 1936இல் இங்கிலாந்தில் டாய்க், மெக்லாக்லின் என்ற இரு மருத்துவர்கள் வெல்டிங் தொழிலாளர்களின் எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்கப் புள்ளி நிழல்களைக் கண்டார்கள். வெல்டிங் புகையின் இரும்பு ஆக்சைடு அது. வேலையை விட்டவர்களுக்கு அந்த நிழல் மங்கி மறையவும் கூடும் என்று 1948இல் அவர்களே எழுதினார்கள். பாரம் நின்றால் நுரையீரல் மெல்ல மெல்ல மீள முயல்கிறது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் நெடுஞ்சாலை வரை பட்டறைகளிலும் படகுத் துறைகளிலும் முகமூடி இல்லாமல் வெல்டிங் அடிக்கும் இளைஞர்களை நினைத்தால், இந்தப் பழைய செய்தியில் எனக்கு ஆறுதலும் இருக்கிறது, பதற்றமும் இருக்கிறது. பாரம் நிற்க வேண்டுமே.

வடசென்னையில் இரும்புத் தூசு புதிதல்ல. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் இறக்கி ஏற்றிய காலத்தில் ராயபுரம் வீடுகளின் துணியிலும் தரையிலும் கறுப்பும் சிவப்புமாகத் தூசு படிந்தது. 2011இல் உயர் நீதிமன்றம் அங்கே தூசு கிளப்பும் சரக்குகளைக் கையாளத் தடை விதித்தது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. இன்றைய காமராசர் துறைமுகம் அது. ராயபுரம் கொஞ்சம் மூச்சுவிட்டது. பாரம் வடக்கே நகர்ந்து, அனல்மின் நிலையங்களும் உரத் தொழிற்சாலையும் ஏற்கெனவே சூழ்ந்திருந்த மக்களின் தலையில் இறங்கியது. நகரத்தின் ஒரு பகுதிக்கு நியாயம் செய்யும்போது இன்னொரு பகுதியைக் கேட்காமல் செய்தோம் என்றே நான் நினைக்கிறேன்.

எல்லா இரும்பும் ஒன்றல்ல. தாதுத் தூசின் இரும்பு பெரும்பாலும் கரையாத ஆக்சைடு. உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் வெந்து வந்த சாம்பலின் கதை வேறு. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆன் ஆஸ்ட் என்ற உயிர்வேதியியலரும் அவருடைய சகாக்களும் 1998இல் வெளியிட்ட சோதனை இதற்கு மிக நெருக்கமானது. வெவ்வேறு இடத்து நிலக்கரிகளை எரித்து, சாம்பலை அளவுவாரியாகப் பிரித்து, சிட்ரேட் கரைசலில் போட்டு எவ்வளவு இரும்பு வெளிவருகிறது என்று அளந்தார்கள். துகள் சிறுத்தால் வெளிவரும் இரும்பு கூடியது. நிலக்கரி வந்த இடத்தைப் பொறுத்தும் மாறியது. பிறகு அதே சாம்பலை ஆய்வகத்தில் வளர்த்த மனித நுரையீரல் செல்களில் போட்டார்கள். செல்கள் ஃபெரிட்டினை உண்டாக்கத் தொடங்கின. இரும்பை அதிகம் விட்ட சாம்பலுக்கு ஃபெரிட்டினும் அதிகம். சற்றுமுன் மனத்தில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். ஃபெரிட்டின் பெருகினால் செல்லுக்குள் உண்மையில் இரும்பு கசிந்திருக்கிறது என்று பொருள். 2000இல் வந்த அடுத்த கட்டுரையில், அழற்சியை அழைக்கும் வேதிப்பொருளையும் அந்தச் செல்கள் இரும்பின் அளவுக்கேற்பச் சுரப்பதைக் காட்டினார்கள்.

புகைபோக்கியில் சாம்பலைப் பிடிக்கும் மின்நிலைச் சாதனங்கள் எடைக்கணக்கில் பெரும்பகுதியைப் பிடித்துவிடுகின்றன. ஆனால் ஒரு மைக்ரானுக்குக் குறைந்த துகள்களில்தான் அவற்றின் பிடி தளர்வு. எடை பார்த்தால் தப்பியது கொஞ்சம். இரும்பைச் சுலபமாக விடுவதும் அந்தக் கொஞ்சம்தான். காற்றில் கலந்த கந்தக டைஆக்சைடு அமிலமாகித் துகளின் மேல் படிந்தால் இரும்பு இன்னும் எளிதாகக் கரையும். நிலக்கரியே அந்தக் கந்தகத்தையும் தருகிறது. இப்படியான துகள்கள் நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் வந்தால் விழுங்கணுவின் ஃபெரிட்டின் ஒரு பக்கம் நிரம்பிக்கொண்டே போகும். இன்னொரு பக்கம், அழற்சியில் வெள்ளணுக்கள் கக்கும் சூப்பராக்சைடு ஃபெரிட்டினுக்குள் அடுக்கிய இரும்பையே மீண்டும் ஃபெரஸாக்கி வெளியே இழுக்கும். 1980-களிலிருந்து ஆய்வகங்களில் பார்த்த உண்மை இது. காப்பதற்காகச் சேர்த்துவைத்த இரும்பே அப்போது தாக்குதலுக்குத் தீனியாகிறது.

மடவையின் ஈரல்

மனிதருக்கு முன்னால் மீனிடம் கேட்டவர்கள் வடசென்னையிலேயே இருந்தார்கள். பிராட்வேயில் உள்ள பாரதி மகளிர் கல்லூரியின் உயிர்வேதியியல் துறையினர் 2000-களில் எண்ணூர்க் கழிமுகத்து மடவை மீனையும், அவ்வளவு மாசு இல்லாத கோவளம் கழிமுகத்து மடவையையும் பருவந்தோறும் பிடித்து ஒப்பிட்டார்கள். எண்ணூர் மடவையின் ஈரல் செல்களில் கொழுப்புச் சிதைவின் அடையாளங்கள் கூடுதல். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் குளூட்டதயோன் குறைவு. நெருக்கடியில் செல் உண்டாக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் அதிகம். அதாவது அந்த மீன் செத்துவிடவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்வதிலேயே தன் உடம்பைச் செலவழித்து வாழ்ந்தது. உள்ளூர்க் கல்லூரி ஒன்று, உள்ளூர் ஆற்றின் மீனை வைத்து, உலக ஆய்விதழ்களில் எழுதிய இந்த வேலை நம் பத்திரிகைகளில் இடம்பெறாமல் போனது வருத்தம் தரும் விஷயம்.

அந்த ஆய்வுகளுக்குப் பிறகு 2023 டிசம்பர் வந்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே இறங்கி எண்ணூர்க் கழியெங்கும் பரவியது. வலைகளிலும் படகுகளிலும் வீட்டுச் சுவர்களிலும் எண்ணெய் அப்பியது. மீனவர்களே வாளியிலும் முறத்திலும் அள்ளினார்கள். அந்த மாதமே 26ஆம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் கண்ணெரிய, மூச்சுத்திணற இருட்டில் ஊரைவிட்டு ஓடினார்கள். கச்சா எண்ணெயின் பல்வளைய ஹைட்ரோகார்பன்களை உடைத்து வெளியேற்ற ஈரல் முயலும்போது சூப்பராக்சைடும் பெராக்சைடும் உபரியாகப் பிறக்கின்றன. அமோனியா மூச்சுக்குழாயின் உட்படலத்தையே புண்ணாக்குகிறது. ஏற்கெனவே சாம்பல் படிந்த நுரையீரல், ஏற்கெனவே களைத்த ஈரல். இவற்றின் மேல்தான் இந்த இரண்டும் வந்து விழுந்தன. ஒவ்வொரு விபத்தையும் தனித்தனிக் கோப்பாக வைத்துப் பார்க்கும் அரசு நடைமுறைக்கு, உடம்பு எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதுகிறது என்பது எட்டுவதேயில்லை.

இரத்தப் பரிசோதனையின் எண்

கோவிட் இரண்டாம் அலையில், 2021இல், ‘ஃபெரிட்டின் எவ்வளவு?’ என்ற கேள்வி வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. ஆயிரத்தைத் தாண்டினால் பயந்தோம். அது பயனுள்ள பாடம், ஆனால் பாதியில் விட்ட பாடம். இரத்தத்தில் தெரியும் ஃபெரிட்டின் இரும்புச் சேமிப்பின் அளவுகோல், அழற்சியின் அளவுகோலும்கூட. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால், இரும்பு குறைவாக இருந்தாலும் அந்த எண் ஏறி நிற்கும். அழற்சி ஹெப்சிடினையும் கூட்டும். ஹெப்சிடின் குடலின் கதவையும் சாத்தும், விழுங்கணுக்களிலிருந்து இரும்பு வெளியேறும் கதவையும் சாத்தும். கிருமிக்கு இரும்பு கிடைக்காமல் செய்ய உடம்பு கண்ட பழைய உபாயம் இது. சில நாள் காய்ச்சலுக்கு நல்லது. ஆண்டுக்கணக்கில் தூசால் நுரையீரல் அழன்றுகொண்டிருந்தால், கிடங்கில் இரும்பு அடைபட்டுக் கிடக்க மஜ்ஜைக்கு இரும்பு போகாது. ஹைல்மெயர் கண்ட குழந்தையின் நிலை, மிதமான வடிவில்.

இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020இல் ஃபெரிட்டினுக்கு இரண்டு எல்லைகள் வைத்தது. நலமாக உள்ள வளர்ந்தவருக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் இரும்புக் குறைவு. அழற்சியோ தொற்றோ இருந்தால் 70-க்குக் கீழே இருந்தாலே குறைவு என்று கொள்ளலாம். 15-க்கும் 70-க்கும் நடுவில் நிற்கும் ஒரு பெண்ணின் அறிக்கையைப் பார்த்து ‘இரும்பு போதுமானது’ என்று சொல்லிவிட்டால், அவருடைய சோர்வும் மூச்சிரைப்பும் காரணம் தெரியாமலே தொடரும். ஃபெரிட்டினோடு சிஆர்பி என்ற அழற்சிச் சோதனையும் சேர்ந்தால்தான் எண்ணுக்குப் பொருள். செலவு அதிகமில்லை, அரசு ஆய்வகங்களிலும் செய்யக்கூடியதே.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்துவிட்டு யாரும் இரும்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் வளரிளம் பெண்களுக்கும் அது உயிர்காக்கும் மருந்து. ஆனால் இரும்பைக் கொடுக்கும் இடமும் சமயமும் முக்கியம் என்பதற்கு உலகம் ஒரு விலை கொடுத்திருக்கிறது. சான்சிபாரின் பெம்பா தீவில், மலேரியா மிகுந்த ஊர்களில், குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்த பெரிய சோதனையின் முடிவு 2006இல் வந்தது. கொடுக்கப்பட்ட குழந்தைகளிடம் கடும் நோயும் இறப்பும் கூடியதால் சோதனையின் அந்தப் பகுதியை நிறுத்த வேண்டியதாயிற்று. இரும்புக் குறைவு என்று உறுதியானவர்களுக்கு மாத்திரை, மற்றவர்களுக்கு முதலில் அழற்சியின் காரணத்தைத் தேடுதல் என்று பிரித்துப் பார்க்கும் மருத்துவம் எண்ணூருக்கு வேண்டும்.

காற்றின் கணக்கிலும் இதே குறை. 2009இல் அறிவித்த தேசியக் காற்றுத் தர அளவுகோல் 12 மாசுகளை அளக்கச் சொல்கிறது. உலோகங்களில் ஈயம், ஆர்சனிக், நிக்கல் உண்டு, இரும்பு இல்லை. நுண்துகளை எடைபோட்டு, ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டியதா என்று மட்டும் பார்க்கிறோம். கடற்கரை உப்புத் துகள் 40 மைக்ரோகிராமும், உலைச் சாம்பல் 40 மைக்ரோகிராமும் அந்தத் தராசில் ஒன்று. நுரையீரலுக்கு ஒன்றல்ல. துகள் எவ்வளவு ஆக்சிஜனேற்றம் செய்யும் என்பதை நேரடியாக அளக்கும் முறைகள் இன்று இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்திய காற்றுத்தர விதிகளில் அந்த அளவீட்டையும் கண்காணிப்புக்குள் கொண்டுவந்துவிட்டது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகமும் ஐ.ஐ.டி.யும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகமும் இருக்கும்போது எண்ணூர்ச் சாம்பலை இப்படிச் சோதிப்பதற்கு வெளியூரிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை.

2017இல் மூடிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தின் இடத்திலேயே 660 மெகாவாட் புதிய நிலையம் கட்டும் திட்டத்துக்கு 2024 டிசம்பரில் எர்ணாவூரில் கருத்துக்கேட்பு நடந்தது. இத்தகைய கூட்டங்களில் மக்கள் முன் வைக்கப்படும் சூழல் தாக்க அறிக்கைகளில் சாம்பல் எத்தனை டன், துகள் எத்தனை மைக்ரோகிராம் என்ற எண்கள் இருக்கும். அடுத்த முறை ஒலிவாங்கி கைக்கு வரும்போது குப்பத்து மக்கள் கேட்கத்தக்க கேள்விகள் மூன்று உண்டு. எரிக்கப்போகும் நிலக்கரியின் சாம்பலில், ஒரு மைக்ரானுக்குக் குறைந்த துகள்களிலிருந்து எவ்வளவு இரும்பு கரைந்து வெளிவரும்? அதை எந்த ஆய்வகம், எந்த நிலக்கரியில் அளந்தது? நிலையம் தொடங்கும் முன்பே காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம் மக்களின் ஹீமோகுளோபினையும் ஃபெரிட்டினையும் சிஆர்பியையும் மூச்சுத் திறனையும் அளந்து பதிவுசெய்யும் பொறுப்பு யாருடையது?